ஹோல்டெமைத் தாண்டி: அரிய போக்கர் வகைகளைக் கற்று ஆட ஒரு முழுமையான வழிகாட்டி

மேசை நடுவில் மூன்று ராஜா, ஒரு 7, ஒரு 2 விரிந்து கிடக்கின்றன. டெக்சாஸ் ஹோல்டெம் ஆடுபவரின் கையில் ஒரு 7 இருந்தால் போதும், மூன்று ராஜாவும் இரண்டு ஏழும் சேர்ந்து ஃபுல் ஹவுஸ் ஆகிவிடும். அதே மேசையில் ஒமாஹா ஆடும் ஒருவர் 7, 5, 4, 3 என நான்கு சீட்டை வைத்திருந்தால், அவரிடம் இருப்பது வெறும் மூன்று ராஜா மட்டுமே. ஒமாஹாவில் கையிலிருந்து சரியாக இரண்டு சீட்டையும் மேசையிலிருந்து சரியாக மூன்று சீட்டையும் எடுத்துத்தான் ஐந்தை நிரப்ப வேண்டும். மூன்று ராஜாவை எடுத்த பிறகு மேசையில் கிடக்கும் 7-ஐத் தொட இடமில்லை. இதை நான் காசு கொடுத்துக் கற்றேன் என்று சொன்னால் மிகையாகாது. கையில் ஃபுல் ஹவுஸ் இருப்பதாக நம்பி சிப் அத்தனையையும் நடுவில் தள்ளிவிட்டு, எதிரில் இருந்தவர் என் சீட்டுகளை விரலால் எண்ணிக் காட்டிய பிறகுதான் எனக்கு உறைத்தது.

போக்கரின் அரிய வகைகள் எல்லாமே ஏதோ ஒரு விதியில் செய்த சிறு மாற்றத்திலிருந்து பிறந்தவை. அந்த ஒரு மாற்றம் எந்தக் கையை மலிவாக்குகிறது, எதை அரிதாக்குகிறது என்பதைக் கண்டுகொண்டால் பாதி ஆட்டம் கைவந்துவிடும். ஹோல்டெமின் அடிப்படை தெரிந்தவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்; பந்தயச் சுற்று, செக், கால், ரெய்ஸ், ஃபோல்ட் ஆகியவற்றை மீண்டும் விளக்கப் போவதில்லை.

முதல் படி: கைகளின் வரிசை எங்கிருந்து வந்தது என்பதைப் புரிந்துகொள்வது

52 சீட்டுகளிலிருந்து ஐந்தை எடுக்க 25,98,960 வழிகள் உள்ளன. அவற்றில் ஒரே சின்னத்தில் அமைந்த தொடர்கள் 40, நான்கு ஒரே எண் 624, ஃபுல் ஹவுஸ் 3,744, ஃப்ளஷ் (ஐந்தும் ஒரே சின்னம்) 5,108, ஸ்ட்ரெயிட் (ஐந்து தொடர் எண்கள்) 10,200, மூன்று ஒரே எண் 54,912, இரண்டு ஜோடி 1,23,552, ஒரு ஜோடி 10,98,240. எது அரிதோ அது மேலே என்பதுதான் வரிசையின் ஒரே நியாயம். ஆகவே சீட்டுக்கட்டையோ சீட்டு எண்ணிக்கையையோ மாற்றும்போது இந்த எண்களும் மாறும். சில வேளைகளில் வரிசையே புரளும்.

இரண்டாம் படி: சீட்டைக் கலைக்கும் முன் ஒத்துக்கொள்ள வேண்டியவை

வீட்டு மேசையில் எழும் சண்டைகளில் பெரும்பாலானவை ஆட்டத்தின் நடுவே விதியைக் கேட்பதால் வருபவை. ஏஸ் மேலா கீழா, ஸ்ட்ரெயிட்டும் ஃப்ளஷும் கணக்கில் உண்டா, பாட் (நடுவில் சேரும் பந்தயத் தொகை) இரண்டாகப் பிரியுமா, கட்டு தீர்ந்துபோனால் என்ன செய்வது என்ற நான்கையும் முன்பே பேசி ஒரு தாளில் எழுதி வைத்துவிடுங்கள். பந்தய வரம்பையும் சேர்த்தே முடிவு செய்ய வேண்டும். ஒமாஹா வகைகளுக்குப் பாட்-லிமிட்டும், சீட்டு மாற்றும் வகைகளுக்கும், ஆளுக்குச் சில சீட்டைத் திறந்தும் சிலவற்றை மறைத்தும் போடும் ஸ்டட் வகைகளுக்கும் நிலையான லிமிட்டும் பொருந்தும்.

பாட்-லிமிட் கணக்கில் புதியவர்கள் தடுமாறுவது வழக்கம். பாட்டில் 100 சிப் இருக்கிறது, உங்களுக்கு முன்னால் இருப்பவர் 50 வைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முதலில் அவருடைய 50-க்கு நீங்கள் ஈடுகட்டியதாகக் கணக்கிடுங்கள். அப்போது பாட் 200 ஆகிறது. அந்த 200-ஐ அதன் மேல் உயர்த்தலாம். ஆக நீங்கள் நடுவில் வைக்கக்கூடிய உச்சம் 250.

மூன்றாம் படி: பைனாப்பிளில் தொடங்குவது

ஹோல்டெமிலிருந்து வெளியே கால் வைக்க இதைவிட எளிய வழி இல்லை. ஆளுக்கு மூன்று மறைசீட்டு. ஃப்ளாப் (மேசையில் விரியும் முதல் மூன்று சீட்டு) வரும் முன் ஒன்றைக் கழித்துவிட வேண்டும். கிரேசி பைனாப்பிளில் ஃப்ளாப்பையும் அதன் பந்தயச் சுற்றையும் பார்த்த பிறகுதான் கழிக்கிறோம். அதனால் கையில் மிஞ்சும் சீட்டுகள் ஃப்ளாப்போடு பொருந்தியவையாகவே இருக்கும். ஹோல்டெமில் நம்பி நின்ற ஒற்றை ஜோடியை இங்கே நம்பக்கூடாது. ஐரிஷ் என்ற வகையில் நான்கு சீட்டு வாங்கி, ஃப்ளாப்புக்குப் பின் இரண்டைக் கழிக்கிறார்கள். மற்ற விதிகள் எல்லாம் பழையனவே என்பதால் இவற்றைப் பற்றி இவ்வளவு போதும்.

நான்காம் படி: ஒமாஹாவும் அதன் உறவுகளும்

நான்கு மறைசீட்டிலிருந்து இரண்டைத் தேர்ந்தெடுக்க 6 வழிகள், மேசையின் ஐந்திலிருந்து மூன்றைத் தேர்ந்தெடுக்க 10 வழிகள். ஆக ரிவர் எனப்படும் கடைசி மேசைச் சீட்டு விழுந்ததும் ஒவ்வொருவரிடமும் 60 சேர்க்கைகள் இருக்கின்றன. ஹோல்டெமில் இது வெறும் 21. மேசையில் ஒரே சின்னத்தில் மூன்று சீட்டு விழுந்தால் யாரோ ஒருவரிடம் ஃப்ளஷ் இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அதே வேளையில், மேசையில் நான்கு ஆர்ட்டின் கிடந்தாலும் உங்கள் கையில் ஒரே ஓர் ஆர்ட்டின் ஏஸ் மட்டும் இருந்தால் உங்களிடம் ஃப்ளஷ் இல்லை. இந்தப் பிழை அனுபவசாலிகளுக்கும் நேர்வதுண்டு. அதைத் தவிர்க்க நான் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன்: கையிலுள்ள இரண்டு சீட்டைக் கட்டைவிரலால் சற்று முன்னே தள்ளி, மற்ற இரண்டும் இல்லாதவை போலப் பார்ப்பது.

நான்கும் ஒன்றோடொன்று சேரும் கைதான் நல்ல கை. இரண்டு சின்னங்களில் அமைந்த ஏஸ், ஏஸ், ராஜா, ராஜா அழகு. மூன்று ஏஸும் ஒரு 7-ம் வந்தால் அது அலங்காரம் மட்டுமே. பயன்படுத்தக்கூடியது இரண்டு ஏஸ்தான், மூன்றாவதைக் கையில் வைத்திருப்பதால் நமக்கு வரவேண்டியதை நாமே முடக்கிவிட்டோம்.

ஒமாஹா ஹை-லோவில் பாட் இரண்டாகப் பிரிகிறது. ஒரு பாதி உயர்ந்த கைக்கு. மறுபாதி, எட்டும் அதற்குக் கீழுமான ஐந்து வெவ்வேறு எண்கள் கொண்ட தாழ்ந்த கைக்கு. தாழ்ந்த கை உருவாக வேண்டுமானால் மேசையில் எட்டுக்கு மேற்படாத மூன்று வெவ்வேறு எண்கள் விழுந்தே ஆக வேண்டும். விழாவிட்டால் உயர்ந்த கை முழுப் பாட்டையும் எடுத்துக்கொள்ளும். ஏஸ்-2 கையில் இருக்கிறது என்ற மகிழ்ச்சியில் பந்தயத்தை ஏற்றிக்கொண்டே போகும் புதியவர், இன்னொருவரிடமும் ஏஸ்-2 இருப்பதைக் கடைசியில் பார்க்கிறார். பாதியில் பாதியாகக் கால் பங்கு மட்டுமே மிஞ்சி, போட்டதைவிடக் குறைவாக எடுத்துக்கொண்டு திரும்புகிறார். இரு பக்கமும் வெல்ல வாய்ப்புள்ள கையோடு மட்டும் நுழைவதே இந்த ஆட்டத்தின் உயிர்நாடி.

பிரான்சின் பனிச்சறுக்கு ஊர் ஒன்றின் பெயரைத் தாங்கிய கூர்ஷெவெல் என்ற வகையில் மறைசீட்டு ஐந்து. ஃப்ளாப்பின் முதல் சீட்டு, முதல் பந்தயச் சுற்றுக்கு முன்பே திறந்து வைக்கப்படுகிறது. அந்த ஒரு சீட்டு கண்ணில் பட்டதும் எத்தனை கைகள் உடனே கவிழ்கின்றன என்பதைக் கவனித்துப் பாருங்கள், வேடிக்கையாக இருக்கும்.

ஐந்தாம் படி: சிறிய சீட்டுக்கட்டு

ஷார்ட் டெக் என்றும் சிக்ஸ் பிளஸ் என்றும் அழைக்கப்படும் வகையில் 2, 3, 4, 5 ஆகிய நான்கு எண்களையும் கட்டிலிருந்து எடுத்துவிட்டு 36 சீட்டில் ஹோல்டெம் ஆடுகிறார்கள். சீனாவின் மக்காவ் நகரத்துப் பெரும்பந்தய மேசைகளில் பேர்பெற்ற இந்த ஆட்டம், லாஸ் வேகாஸில் நடக்கும் உலகப் போக்கர் தொடரிலும் 2019-இல் இடம்பிடித்தது. ஏஸ், 6-க்குக் கீழே நின்று ஏஸ்-6-7-8-9 என்ற தொடரையும் தரும்.

இங்கேதான் வரிசை புரள்கிறது. ஒவ்வொரு சின்னத்திலும் ஒன்பது சீட்டுகளே இருப்பதால் ஐந்து சீட்டு ஃப்ளஷ்கள் 480 ஆகக் குறைந்துவிடுகின்றன. ஃபுல் ஹவுஸ்களோ 1,728. எனவே ஃப்ளஷ் ஃபுல் ஹவுஸை வெல்லும். சில மேசைகளில் மூன்று ஒரே எண் ஸ்ட்ரெயிட்டை வெல்லும் என்ற விதியும் உண்டு. ஏழு சீட்டிலிருந்து ஐந்தைத் தேர்ந்தெடுக்கும்போது ஸ்ட்ரெயிட் மிக எளிதாக அமைந்துவிடுவதே காரணம். எந்த விதி என்பதை உட்காரும் முன் கேட்டுவிடுங்கள்.

ஃப்ளாப்பில் இரு முனையும் திறந்த ஸ்ட்ரெயிட் வாய்ப்பு இருந்தால், முழுக்கட்டில் ரிவர் வரை அது நிறைவேறும் வாய்ப்பு சுமார் 31.5 விழுக்காடு, ஷார்ட் டெக்கில் 45.6 விழுக்காடு. ஃப்ளஷ் வாய்ப்போ நேர்மாறாக 35-இலிருந்து 30-ஆக இறங்குகிறது. கையில் ஜோடி இருக்கும்போது ஃப்ளாப்பிலேயே மூன்றாவது சீட்டு கிடைக்கும் வாய்ப்பு 11.8-இலிருந்து 17.1-ஆக ஏறுகிறது. ஹோல்டெம் பழக்கத்தில் ஃப்ளஷைத் துரத்தி ஸ்ட்ரெயிட்டைக் கைவிடுபவர் இங்கே எந்நேரமும் தப்பான பக்கத்தில்தான் நிற்பார்.

ஆறாம் படி: தலைகீழ் ஆட்டங்கள், குறிப்பாகப் படூகி

மோசமான கை வெல்லும் ஆட்டங்களைப் பொதுவாக லோபால் என்பார்கள். இதில் இரண்டு மரபுகள் உண்டு. ஏஸ்-5 மரபில் ஏஸ் தாழ்ந்தது, ஸ்ட்ரெயிட்டும் ஃப்ளஷும் கணக்கில் இல்லை. ஆகவே ஏஸ்-2-3-4-5 தான் சிறந்த கை. 2-7 மரபில் ஏஸ் எப்போதும் உயர்ந்தது, ஸ்ட்ரெயிட்டும் ஃப்ளஷும் உங்களுக்கு எதிராகவே எண்ணப்படும். ஆகவே ஒரே சின்னத்தில் அமையாத 2-3-4-5-7 தான் உச்சம். இங்கே 2-3-4-5-6 வந்தால் அது ஸ்ட்ரெயிட், தோற்கும் கை. மூன்று முறை சீட்டு மாற்றும் டிரிப்பிள் டிராவில் 2-7 மரபே புகழ்பெற்றது; ஏழு சீட்டு ஸ்டட்டில் ஏஸ்-5 மரபைப் புகுத்தினால் அதற்கு ரேஸ் என்று பெயர்.

இவற்றில் என் மனத்துக்கு நெருக்கமானது படூகி. ஆளுக்கு நான்கு சீட்டு. மூன்று முறை விரும்பியதைக் கழித்து மாற்றிக்கொள்ளலாம். நான்கு பந்தயச் சுற்றுகள். நான்கும் வெவ்வேறு எண், வெவ்வேறு சின்னமாக இருந்தால் அது படூகி. ஏஸ் தாழ்ந்தது என்பதால் நான்கு சின்னங்களில் அமைந்த ஏஸ்-2-3-4-ஐ வெல்ல எதுவும் இல்லை. எண்ணோ சின்னமோ ஒன்று திரும்ப வந்தால் அந்தச் சீட்டை எண்ணாமல் விட்டு, மீதியை மூன்று சீட்டுக் கையாகக் கொள்கிறோம். எவ்வளவு மோசமான நான்கு சீட்டுப் படூகியும், எவ்வளவு சிறந்த மூன்று சீட்டுக் கையையும் வெல்லும். ராஜா-ராணி-ஜாக்-10 என்ற அவலமான படூகி கூட ஏஸ்-2-3-ஐ வீழ்த்திவிடும். இரண்டு படூகிகள் மோதினால் மேல் சீட்டிலிருந்து ஒப்பிட்டு, தாழ்ந்ததற்கு வெற்றி. ஆகவே 8-5-3-ஏஸ், 8-6-2-ஏஸை வெல்லும்.

ஒரு கையை ஆடிப் பார்ப்போம். இஸ்பேட் ஏஸ், டைமண்ட் 4, கிளாவர் 7, கிளாவர் ராஜா வந்திருக்கின்றன. கிளாவர் இரண்டு இருப்பதால் ராஜாவைக் கழிக்கிறீர்கள். இனி தேவைப்படுவது ஏஸ், 4, 7 அல்லாத ஓர் ஆர்ட்டின். அப்படி 10 சீட்டுகள் இருக்கின்றன. நீங்கள் காணாத சீட்டுகள் 48. ஒரு மாற்றத்தில் கிடைக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 21 விழுக்காடு. மூன்று மாற்றங்களிலும் சேர்த்து 51 விழுக்காடு. போட்ட கையிலேயே படூகி அமைந்து வருவது நூற்றுக்கு ஆறு முறைக்குச் சற்று மேல்தான். ஆகவே எதிரில் இருப்பவர் முதல் மாற்றத்திலேயே எந்தச் சீட்டையும் மாற்றாமல் மேசையைத் தட்டினால், அவர் உண்மையாகவே படூகி வைத்திருக்கிறாரா, அல்லது மூன்று சீட்டோடு நடிக்கிறாரா என்பதை நீங்கள் முடிவு செய்ய வேண்டும். எத்தனை சீட்டை மாற்றினார் என்பது ஒன்றே இந்த ஆட்டத்தில் கண்ணுக்குத் தெரியும் தடயம். அதனால் கடைசியாகப் பேசும் இடத்துக்கு இங்கே மற்ற எந்த வகையையும்விட மதிப்பு அதிகம். ஆறு பேருக்கு மேல் உட்கார வேண்டாம். கட்டு தீர்ந்தால் கழித்த சீட்டுகளைக் கலைத்து மீண்டும் போட வேண்டியிருக்கும்.

ஏழாம் படி: ஓப்பன் ஃபேஸ் சைனீஸ்

இதில் பந்தயச் சுற்றே கிடையாது, புள்ளிகள் மட்டும்தான். ஒவ்வொருவரும் தம் முன்னால் மூன்று வரிசைகளில் 13 சீட்டுகளைத் திறந்து அடுக்குகிறார்கள்: மேல் வரிசையில் மூன்று, நடுவில் ஐந்து, அடியில் ஐந்து. அடிவரிசை நடுவரிசைக்குக் குறையாமலும், நடுவரிசை மேல்வரிசைக்குக் குறையாமலும் இருக்க வேண்டும். தவறினால் அந்தக் கை முழுவதும் ஃபவுல். முதலில் ஐந்து சீட்டு வாங்கி அடுக்கிவிட்டு, பிறகு ஒவ்வொன்றாக வாங்கி வைக்கிறோம். வைத்ததை நகர்த்த முடியாது, சிக்கலே அதுதான். பைனாப்பிள் வடிவத்தில் ஒவ்வொரு முறையும் மூன்று வாங்கி, இரண்டை அடுக்கி, ஒன்றைக் கவிழ்த்துக் கழிக்கிறார்கள். ஆளுக்கு 17 சீட்டு தேவைப்படுவதால் மூன்று பேருக்கு மேல் ஆட இயலாது.

வரிசைக்கு ஒரு புள்ளி, மூன்றையும் வென்றால் கூடுதலாக மூன்று என்பது பரவலான கணக்கு. வலுவான வரிசைகளுக்குத் தனி வெகுமதிப் புள்ளிகள் உண்டு. மேல் வரிசையில் ராணி ஜோடியோ அதற்கு மேலோ வைத்து ஃபவுல் ஆகாமல் முடித்தவர் ஃபேன்டசிலேண்டுக்குப் போகிறார், அதாவது அடுத்த ஆட்டத்தில் சீட்டுகளை மொத்தமாக ஒரே நேரத்தில் பெற்று அடுக்குகிறார். அந்த ஆசைதான் பலரைக் கவிழ்க்கிறது. தொடக்கத்திலேயே மேலே இரண்டு ராணியை வைத்தவர், நடுவில் அதற்குக் குறையாத கையை, பெரும்பாலும் ராஜா ஜோடியையோ அதைவிடப் பெரியதையோ, கட்டியே ஆக வேண்டும். கட்ட முடியாமல் தவிக்கும்போது எதிராளி தம் அடிவரிசையை நிதானமாக முடித்துக்கொண்டிருப்பார்.

எட்டாம் படி: ஜோக்கர் புகுந்த ஆட்டங்கள்

ஏழு சீட்டு ஸ்டட்டை அடிப்படையாகக் கொண்டு வீட்டு மேசைகள் எத்தனையோ விளையாட்டுகளைப் படைத்திருக்கின்றன. சிகாகோவில் மறைசீட்டுகளில் மிக உயர்ந்த இஸ்பேட் வைத்திருப்பவர் பாட்டில் பாதியைப் பெறுகிறார். பேஸ்பாலில் 3-ம் 9-ம் ஜோக்கர். திறந்த 4 வந்தால் கூடுதலாக ஒரு சீட்டு. ஃபாலோ த குயினில் ராணிகள் எல்லாம் ஜோக்கர். அதோடு, திறந்து விழும் ராணிக்கு அடுத்துத் திறக்கும் சீட்டின் எண்ணும் ஜோக்கராகிறது. பின்னால் இன்னொரு ராணி திறந்தால் பழைய எண் தகுதியிழந்து புதிய எண் அந்த இடத்துக்கு வரும். கடைசியாகத் திறக்கும் சீட்டுகளில் ஒரு ராணி விழுந்து மேசையே தலைகீழாவதைக் காண்பதற்காகவே சிலர் இதை ஆடுகிறார்கள்.

இவற்றை நான் தொடக்கநிலையாளருக்குப் பரிந்துரைப்பதில்லை; காரணம் கணக்கிலேயே இருக்கிறது. கட்டில் எதற்கும் மாற்றாக நிற்கும் ஒரே ஒரு ஜோக்கரைச் சேர்த்துப் பாருங்கள். இரண்டு ஜோடி முன்போலவே 1,23,552. ஆனால் ஜோக்கரோடு ஓர் இயல்பான ஜோடி வந்தால் எல்லோரும் அதை மூன்று ஒரே எண்ணாகவே காட்டுவார்கள் என்பதால், அந்தக் கை 54,912-இலிருந்து 1,37,280-ஆகப் பெருகிவிடுகிறது. அதாவது மேலே இருக்கும் கை கீழே இருப்பதைவிட மலிவு. சரி, இரண்டு ஜோடியை மேலே தூக்கி வைப்போம் என்றால், ஜோக்கர் வைத்திருக்கும் அதே ஆட்கள் இப்போது இரண்டு ஜோடி என்று காட்டுவார்கள். அது 2,05,920-ஆக ஏறி, மூன்று ஒரே எண் மீண்டும் 54,912-க்கே இறங்கிவிடும். எப்படி அடுக்கினாலும் இந்த முரண் தீராது.

இடையே ஒரு சிறு ஆட்டம்: மூன்றே சீட்டு

கணிதவியலாளர் ஹரால்ட் குன் 1950-இல் ஆராய்ந்த இந்தப் போக்கரில் ஜாக், ராணி, ராஜா ஆகிய மூன்று சீட்டுகள்தான் கட்டு. இருவர் ஆளுக்கு ஒரு சிப் வைத்து ஒரு சீட்டு வாங்குகிறார்கள். முதலாமவர் செக் செய்யலாம் அல்லது ஒரு சிப் பந்தயம் வைக்கலாம். செக் செய்தால் அதே உரிமை இரண்டாமவருக்கு. பந்தயம் வைக்கப்பட்டால் மற்றவர் ஈடுகட்டலாம் அல்லது கவிழ்க்கலாம். இருவரும் பிழையின்றி ஆடினால் முதலாமவர் ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 18-இல் ஒரு பங்கு சிப் இழப்பார். வியப்பு என்னவென்றால், தோற்பதற்கென்றே பிறந்த ஜாக்கோடும் அவர் சில வேளை பந்தயம் வைக்கலாம். ராஜாவோடு மூன்று முறை பந்தயம் வைத்தால் ஜாக்கோடு ஒரு முறை என்பதே விகிதம். பிளஃப் என்பது துணிச்சல் சார்ந்தது என்று நினைப்பவர்கள் மாலை நேரத்தில் ஒரு நண்பருடன் இதை நூறு முறை ஆடிப் பார்க்கலாம்.

கடைசிப் படி: கலவை ஆட்டம்

தனித்தனியாகப் பழகிய பிறகு எல்லாவற்றையும் சுழற்சியில் ஆடுவதே உண்மையான தேர்வு. ஹோல்டெம், ஒமாஹா ஹை-லோ, ரேஸ், ஸ்டட், ஸ்டட் ஹை-லோ ஆகிய ஐந்தையும் மாற்றி மாற்றி ஆடும் ஹார்ஸ் என்ற கலவை இவற்றில் புகழ்பெற்றது. 2006-இல் உலகப் போக்கர் தொடர் 50,000 டாலர் நுழைவுக் கட்டணத்தில் இதற்கொரு போட்டி நடத்தியபோது அதை வென்றவர் சிப் ரீஸ் என்ற ஆட்டக்காரர்.

வீட்டில் ஆடும்போது எல்லோருக்கும் ஒரு முறை டீலர் பட்டன் சுற்றி வந்ததும் ஆட்டத்தை மாற்றுங்கள். தொடக்கத்தில் மூன்று வகைகள் போதும். கிரேசி பைனாப்பிள், ஒமாஹா, படூகி என்ற சேர்க்கை நன்றாகப் பொருந்தும், ஏனெனில் மூன்றும் ஆடும் முறையில் வெளிப்படையாக வேறுபடுவதால் குழப்பம் குறைவு. நடப்பு ஆட்டத்தின் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதிய அட்டையொன்றை டீலர் பட்டனுக்கு அடியில் வைத்துவிடுங்கள், ஒவ்வொரு கைக்கும் முன் சீட்டுப் போடுபவர் அதை உரக்கப் படிக்கட்டும். ரேஸ் முடிந்து ஸ்டட் தொடங்கும் அந்த முதல் கையில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும்: சுற்று மாறியதை மறந்த யாரோ ஒருவர் ஏஸ்-2-4-6-7-ஐப் பொத்திப் பொத்தி வைத்து, கடைசியில் பெருமையோடு விரித்துக் காட்டிக்கொண்டிருப்பார், எதிரில் இருப்பவரோ ஒரு சிறிய ஜோடியைக் காட்டிப் பாட்டை வாரிக்கொண்டிருப்பார்.